அந்த சிலிக்கான் டியூப்பைக் கொஞ்சம் கீழே வையுங்கள் ஐயா!

காருக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று சென்னையில் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போய் நின்றாலும் கிடைப்பது ஒரே வைத்தியம்தான். சன்ரூஃப், அதாவது கூரையில் திறக்கும் கண்ணாடி, ஓரத்தில் ஒழுகுகிறதா, ஓட்டை அடைக்கும் சிலிக்கான் பசை. முன்கண்ணாடி ஓரமா, சிலிக்கான். டிக்கியில் ஈரமா, அதற்கும் அதே டியூப். "தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டால் அங்கே வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர், அவர் பேரில் இருக்கும் வீட்டை எழுதிக் கேட்டதுபோல என்னைப் பார்க்கிறார். "சார், சுத்தி எல்லா இடமும் சீல் பண்ணியாச்சு சார். இனிமே ஒரு சொட்டு வராது." ஐப்பசி அடைமழை வந்தது, தண்ணீரும் தவறாமல் வந்தது.

ஐயா, சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங், தண்ணீரை முழுசாகத் தடுக்க வைத்ததே இல்லை. பெரும்பகுதி மழையை வெளியே தள்ளும், கொஞ்சம் உள்ளே விடும். அப்படி வருவதை வாங்கிக்கொள்ளத்தான் கண்ணாடிக்குக் கீழே சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் நான்கு மூலையிலும் துளை, துளைக்கு ஒரு மெல்லிய டியூப். முன்பக்க டியூப் இரண்டும் முன்கண்ணாடியின் இருபக்கத் தூணுக்குள் இறங்கி, கதவுக் கீல் அருகிலோ சக்கர வளைவுக்குள்ளோ தண்ணீரை விடும். பின்பக்க இரண்டும் பின்தூண்கள் வழியாக பம்பர் பக்கம் இறங்கும். இந்த டியூப் அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நிரம்பி, கூரையின் உள்பக்கத்து ரூஃப் லைனிங் மேல் வழியும். இதில் பீடிங்கைச் சுற்றி சிலிக்கான் பூசி என்ன ஆகப் போகிறது? சாக்கடை அடைப்புக்கு வாசலில் கோலம் போட்ட கதையாக இருக்கிறது!

வாய்க்கால் நிரம்பியிருக்கிறது என்பதற்கு அடையாளம் வேண்டுமா? சிக்னலில் பிரேக் போட்டதும் ரூம் லைட் ஓரத்திலிருந்து முன்சீட்டில் இருப்பவர் தலையில் கொட்டும். கிளம்பி வேகம் எடுத்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முறை. என் மாமியார் அப்படித்தான் நனைந்தார். அதை அட்வைசரிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் அவர் எழுதியது: "வாட்டர் லீக்கேஜ் – செக்".

அடைப்பு எப்படி வருகிறது என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எங்கள் தெருவில் இருப்பது தூங்குமூஞ்சி மரம். அதன் இலை பொடிப்பொடியாகக் கண்ணாடி இடுக்கில் இறங்கும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். ஊர் முழுக்க மெட்ரோ தோண்டுகிற தூசி வேறு. இதெல்லாம் சன்ரூஃப் ஓடும் தண்டவாளத்தில் இருக்கும் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கடைசியில் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கும் பெரியவர்தான் தடிமனான தூண்டில் நரம்பை எடுத்து, முனையை நெருப்பில் காட்டி உருட்டி, இடதுபக்க முன்துளையில் மெதுவாகத் திருகித் திருகி விட்டார். கறுப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டி சக்கரத்துக்குப் பின்னால் வந்து விழுந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே வேப்பம்பூக் காம்பு முழுசாக இருந்தது. அதன் பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. "இதைப் பாக்காம மேல பூசிட்டே இருந்திருக்காங்களே தம்பி" என்றார். அவர் வாங்கிய கூலி, சர்வீஸ் சென்டரில் பார்க்கிங் டோக்கன் போட்டு வாட்டர் வாஷ் செய்வதற்குக்கூடக் காணாது.

இந்தச் சோதனைக்கு மெஷினும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். சன்ரூஃபைத் திறந்து, மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கீழே குனிந்து பார்க்க வேண்டும். சீராக வெளியே வந்தால் அந்த டியூப் நன்றாக இருக்கிறது. மேலேயே தேங்கி நின்றால் அடைப்பு. மேலே மறைந்துவிட்டது, கீழே எதுவும் வரவில்லை என்றால் விவகாரம் பெரிசு. டியூப் உள்ளே எங்கேயோ கழன்றிருக்கிறது, ஊற்றிய தண்ணீர் காருக்குள்ளேதான் போகிறது.

அந்தக் கழற்றும் வேலையையும் இவர்களே செய்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். "அடைப்பா சார்? ஏர் அடிச்சிடலாம்" என்று டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து துளையில் வைத்து ஒரே அழுத்து. அடைப்பு அந்தப் பக்கம் அசையாமல் இருக்க, டியூப் மட்டும் இந்தப் பக்கம் முனையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அதற்கு முன்னால் லைனிங்கில்தான் கறை. இப்போது தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கி, ஒயரிங் வழியாக ஓடி, கால் வைக்கும் இடத்து கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். தலைவலி போய் திருகுவலி. மறுபடி மாட்டலாம் என்றால் தூண் மூடியைக் கழற்ற வேண்டும். பல கார்களில் அந்தப் பக்கம், விபத்தில் ஜன்னல் மேல் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, விஷயம் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

முன்கண்ணாடி கதைக்கு வருகிறேன். லாரியிலிருந்து தெறித்த ஜல்லியில் கண்ணாடி விரிசல் விட்டு, மாற்றினார்கள். மாற்றியதிலிருந்து டாஷ்போர்டு ஓரத்தில் கசிவு. இப்போதைய கார்களில் முன்கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது ரப்பர் இல்லை, பாலியூரித்தேன் பசை. பழைய பசையைச் சமமாக ஒரு மெல்லிய படலம் மட்டும் இருக்கும்படி சீவ வேண்டும். கத்தி பட்டு பெயின்ட் கீறிய இடத்தில் பிரைமர் அடிக்க வேண்டும். துரு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு பசையை நடுவில் எங்கேயும் அறுந்துபோகாமல் ஒரே கோடாக இழுத்து, தொடங்கிய இடமும் முடித்த இடமும் நன்றாகச் சேரும்படி விட வேண்டும். அந்தச் சேர்க்கையில் ஒரு ஊசி இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் கண்டுபிடித்துவிடும். அப்புறம் பசை இறுகுவதற்கு, அந்தப் பசையின் கம்பெனி சொல்லும் நேரம் வரைக்கும் வண்டியை எடுக்கவே கூடாது. இங்கே நடந்தது என்ன? கண்ணாடியை வைத்து நாலு பக்கமும் தட்டினார்கள், டேப் ஒட்டினார்கள், "எடுத்துட்டுப் போலாம் சார்" என்றார்கள். விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு இருக்கிறது. பல கார்களில் பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது முதுகு சாய்வதே அதன் மேல்தான். அதை ஏதோ போட்டோ ஃபிரேமுக்குக் கண்ணாடி போடுகிற நிதானத்தில் போட்டு அனுப்புகிறார்கள்.

கசிகிறது என்று திரும்பப் போனால் வெளியே சிலிக்கான். புளிச்ச காடி வாசனை அடிக்குமே, அந்த ரகம். இறுகும்போது அது அசிட்டிக் அமிலம் விடும், பெயின்ட் போன இடத்தில் தகரத்தைத் துரு பிடிக்க வைக்கும். நாளைக்கு ஒழுங்காகக் கண்ணாடியைக் கழற்றி ஒட்டலாம் என்றால், சிலிக்கான் பட்ட இடத்தில் பாலியூரித்தேன் பிடிக்காது. அத்தனையையும் சுரண்டி எடுத்தால்தான் உண்டு. அடுத்து வரும் வேலைக்காரன் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டுத்தான் பில் கொடுக்கிறார்கள்.

"வாட்டர் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று இன்னொரு பொய். வாஷிங் ரேம்ப்பில் பிரஷர் கன்னால் மேலிருந்து கீழ்வரை இரண்டு நிமிஷம் அடித்துவிட்டு, வெளியே நின்றபடியே கட்டைவிரலைக் காட்டுவதற்குப் பெயர் டெஸ்டா? அந்த அழுத்தத்துக்கு நல்ல பீடிங்கிலும் தண்ணீர் ஏறும். தோட்டத்துக்கு ஊற்றும் ஹோஸ் போதும். கீழிருந்து தொடங்கி, ஒரு பகுதியில் சில நிமிஷம் மெதுவாக விட்டு, அது காய்ந்திருக்கிறது என்று உறுதியானதும் மேலே நகர வேண்டும். தூண் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு ஆள் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கண்ணாடி ஓரம் சந்தேகமாக இருந்தால், ஏசி ஃபேனை வெளிக்காற்றில் முழு வேகத்தில் வைத்து, கதவு ஜன்னலெல்லாம் மூடி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். இதைச் செய்ய யாருக்கும் நேரமில்லை. ஏனென்றால் தேடுவதற்குப் பில் போட முடியாது, பூசுவதற்குப் போடலாம்.

இதில் சன்ரூஃபும் கண்ணாடியும் செய்யாத தப்புக்கும் அவைதான் மாட்டுகின்றன. மழையே இல்லாத நாளில், ஏசி ஓடினால் மட்டும் இடதுபக்கக் கால் வைக்கும் இடம் நனைந்தால், அது ஏசி தண்ணீரை வெளியே விடும் டிரெய்ன் குழாயில் அடைப்பு. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் இலை சேர்ந்தால் தண்ணீர் ஏசி காற்றுவழியில் ஏறும். ஸ்பீக்கர் மாட்டுகிற பையன் கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போனால் கதவு வழியாக வரும். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்காமல் சன்ரூஃபில்தான் பூசுகிறார்கள்.

பிறகு அந்த ஈரம். கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் கனமான ஃபோம் ஊறிக் கிடக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, வெயிலில் போட்டால்தான் காயும். அங்கேதான் ஒயர் கனெக்டர்களும், சில கார்களில் கன்ட்ரோல் யூனிட்டும் இருக்கின்றன. அவற்றில் பச்சைக் களிம்பு பிடித்த பிறகு காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கும், பவர் விண்டோ நிற்கும். இவர்கள் என்ன செய்தார்கள்? மேலே ஒரு ஸ்ப்ரே அடித்து, "ஆன்ட்டி பாக்டீரியல் ட்ரீட்மென்ட்" என்று தனி வரியில் பில் போட்டார்கள். கார் முழுக்க மல்லிகைப்பூ வாசனையும் பூஞ்சை நாற்றமும் கலந்து அடித்தது!

2023-இல் ஒரு புதுக் காரை அருவிக்கு அடியில் நிறுத்தி, கூரை வழியாகத் தண்ணீர் கொட்டிய வீடியோவை நாடே பார்த்தது. கண்ணாடி சரியாக மூடியிருந்ததா இல்லையா என்று ஆளாளுக்குச் சண்டை. அந்த அமளியிலாவது டியூப் என்று ஒன்று இருப்பது ஷோரூம்காரர்கள் காதில் விழுந்திருக்கலாம். என்னிடம் விற்றவர் குரலில் சொன்னால் சன்ரூஃப் திறக்கும் என்று மூன்று மொழியில் பேசிக் காட்டினார். டியூப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த சர்வீஸ் செக்லிஸ்ட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. இப்போது கேட்டால் "மரத்தடியில நிறுத்தாதீங்க சார், வாரண்டில வராது" என்கிறார்கள். சென்னை மே மாத வெயிலில் மரத்தடியில் நிறுத்தாமல் உன் தலையிலா நிறுத்துவது?

லைனிங் மாற்ற எஸ்டிமேட் வந்திருக்கிறது, அதிலும் கடைசி வரி "சீலன்ட் அப்ளிகேஷன்". அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று டம்ளரும் ஹோஸும் வைத்து என் கண்முன்னால் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் யாரும் எதையும் பூசக் கூடாது என்று ஜாப் கார்டில் என் கையாலேயே எழுதப் போகிறேன். அதில் அட்வைசர் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கும்.