பென்சகோலாவின் சோதனைக் கொட்டகையும் சில சிரிப்புப் பொம்மைகளும்

ஸ்னோபால் டெர்பி என்ற கார் பந்தயத்தைக் கேலி செய்து வந்த அந்தப் பதிவைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால், “கொடி விழுந்த பிறகு கொட்டகைக்குள் முடிவாகிறதெல்லாம் ஒரு பந்தயமா?” என்ற ஒற்றை வரிக்குக் கீழே குவிந்த சிரிப்புப் பொம்மைகளில், என் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போன சிலருடையவையும் இருப்பதைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. ஸ்னோபால் டெர்பியைக் கேலிக்கூத்து என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பந்தயம் முடிந்ததும் வென்றவரின் காரைச் சோதனைக் கொட்டகையில் பிரித்துப் பார்த்து, விதிமீறல் இருந்தால் கோப்பையைத் திரும்ப வாங்குகிற வழக்கம்தான் அந்தப் பந்தயத்தின் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில், ஃபைவ் ஃபிளாக்ஸ் ஸ்பீட்வே என்ற அரை மைல் நீள்வட்டத் தடத்தில் 1968இல் தொடங்கிய பந்தயம் இது. மற்ற ஊர்களில் பந்தயக் காலம் முடிந்துவிடும் டிசம்பர் தொடக்கத்தில் நடப்பதால், வேலையில்லாமல் நிற்கும் நல்ல கார்களும் ஓட்டுநர்களும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இங்கே வந்து சேர்கிறார்கள். முதல் ஆண்டில் வென்ற வெய்ன் நீடெக்கன் உள்ளூர்க்காரர். பிற்பாடு, அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் பேர்பெற்ற டானி ஆலிசனும் டாரல் வால்ட்ரிப்பும் வென்றார்கள். விஸ்கான்சினிலிருந்து வந்த ரிச் பிக்கிள் ஐந்து முறை வென்றார். 2010இல் அதே பென்சகோலாவைச் சேர்ந்த ஜொஹானா லாங் என்ற 18 வயதுப் பெண் வென்றார். தடத்தின் சொரசொரப்பான பரப்பு டயரைத் தின்றுவிடும் என்பதால், 300 சுற்றுகளிலும் ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு போகிறவர் இங்கே தேற மாட்டார். சும்மா வட்டம் சுற்றுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2013ஆம் ஆண்டுக்கு வருகிறேன். முதலில் கோட்டைக் கடந்தவர் சேஸ் எலியட். சாதாரண ஆளல்ல, 1988இல் நாஸ்கார் சாம்பியனான பில் எலியட்டின் மகன், 2011இல் 16 வயதிலேயே இதே பந்தயத்தை வென்றவர். பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் அவர் காரில் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தின் துண்டு ஒன்று இருந்தது தெரியவந்தது. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் காரில் எடையை எவ்வளவு இடப்புறமாகவும் தாழ்வாகவும் வைக்க முடியுமோ அவ்வளவுக்கு அது வளைவில் கெட்டியாகப் பிடித்து நிற்கும். டங்ஸ்டன், வழக்கமாக எடைக்கு வைக்கும் ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது என்பதால், அதே எடையைச் சிறிய இடத்துக்குள் தாழ்வாக அடக்கிவிடலாம். விதி அதை அனுமதிக்கவில்லை. எனவே எலியட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெற்றி எரிக் ஜோன்ஸுக்குப் போயிற்று. யாருடைய மகன் என்று எவரும் பார்க்கவில்லை.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 2015இல், முதலில் வந்த கிறிஸ்டபர் பெல் இதே கொட்டகையில் தகுதியிழந்தார். அப்போது வெற்றி யாருக்குப் போயிற்று தெரியுமா? அதே சேஸ் எலியட்டுக்கு. ஒரு முறை பறித்த கை மறுமுறை அவருக்கே கொடுத்தது. 2019இல் ஸ்டீபன் நாஸியிடமிருந்து வெற்றி டிராவிஸ் பிரேடனுக்கு மாறியதும் இதே வழியில்தான். ஆளைப் பார்த்து அளக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

“பந்தயத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டியதுதானே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முன்பும் சோதிக்கத்தான் செய்கிறார்கள். இன்னொருவர், பணம் கொடுத்து வந்த பார்வையாளர் தவறான ஆளுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாரே என்று வருந்துகிறார். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாஸ்கார் கூட நெடுங்காலம் அந்த நியாயத்தைச் சொல்லித்தான் வெற்றியைத் தொடாமல் அபராதமும் புள்ளிக் குறைப்புமாகக் காலம் தள்ளியது. 2019இல்தான் வென்றவரையே தகுதிநீக்கும் முடிவுக்கு அது வந்தது. 2022இல் நாஸ்காரின் போக்கோனோ பந்தயத்தில், முதல் இரண்டு இடங்களில் வந்த டெனி ஹேம்லின், கைல் புஷ் இருவரையும் நீக்கி, மூன்றாவதாக வந்த அதே சேஸ் எலியட்டை வெற்றியாளராக அறிவித்தார்கள். ஊர்ப்புறப் பந்தயம் என்று நீங்கள் சிரிக்கிற இடம் முன்பே செய்துகொண்டிருந்த காரியத்துக்குப் பெரிய இடம் பிறகு வந்து சேர்ந்தது என்பதுதான் நடந்த கதை.

நான் அலபாமாவின் மொபைல் நகரத்தில் இருப்பவன். பென்சகோலா எனக்கு ஒரு மணி நேரப் பயணம். ஒரு டிசம்பர் இரவில், கூட்டம் கலைந்த பிறகும் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். சக்கரங்கள் கழற்றப்பட்ட கார் ஒன்றின் கார்புரேட்டரைப் பிரித்தெடுத்து, அதன் துளையில் அளவுக்கம்பியை நுழைத்துப் பார்த்தார் சோதிப்பவர். பக்கத்தில் நின்ற இளைஞன் கிரீஸ் படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் விடவில்லை. என் அருகில் நின்றிருந்த முன்பின் தெரியாத பெரியவர் காகிதக் குவளையிலிருந்த அவித்த வேர்க்கடலையை என் பக்கம் நீட்டி, ஒவ்வொரு பாகத்தையும் எதற்காக அளக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எந்த ஊர் என்று அவர் கேட்கவேயில்லை.

ஆனால் நம்மவர்களின் பொங்கல் விருந்தில் ஒருவர், தட்டும் கையுமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “அந்தக் கூட்டத்தோடயா உட்காந்து பாக்குறீங்க?” எல்லோரும் சிரித்தார்கள். சரி, நானும் சிரித்து வைத்தேன். எந்தக் கூட்டம்? வாரம் முழுக்கப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தக் காசில் இயந்திரம் கட்டி, அதைப் பிரித்துப் பார்க்க அந்நியனிடம் ஒப்படைத்துவிட்டு வாய் பேசாமல் நிற்கிற கூட்டமா? இந்தக் கேலிக்குக் காரணம் பந்தயமே இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. கையில் கிரீஸ் படிந்தவன் நேர்மையைப் பற்றிப் பேசினால் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது.

இதே நண்பர்கள்தான் ஞாயிறு காலை அலாரம் வைத்து எழுந்து ஃபார்முலா ஒன் பார்க்கிறார்கள். 2024இல் பெல்ஜியத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலில் வந்தார். கார் விதித்த குறைந்தபட்ச எடைக்கு ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்ததால் வெற்றி லூயிஸ் ஹாமில்டனுக்கு மாறியது. அன்று ஒரு சிரிப்புப் பொம்மையையும் காணோம்; தொழில்நுட்பத் துல்லியம், விதியின் முன் அனைவரும் சமம் என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதித் தள்ளினீர்கள். அந்தப் பதிவுகள் இன்னும் உங்கள் பக்கங்களில்தான் இருக்கின்றன. இங்கே எனக்குப் பதில் எழுத வருகிறவர்கள், அந்த ஒன்றரைக் கிலோ விஞ்ஞானமாகவும் இந்த டங்ஸ்டன் துண்டு கேலிக்கூத்தாகவும் ஆனது எப்படி என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு எழுதட்டும்.