12 வோல்ட்டுக்கு இவ்வளவு மிரட்டலா?

பெற்றோல் என்ஜினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் காரின் 12 வோல்ட் சின்னப் பற்றரியை மாற்றுவது என்பது சில நட்டுகளைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. ஒரு 10 மி.மீ. ஸ்பனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் அதைச் சொந்த வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்து முடிப்பதற்குள் எத்தனை பேரிடம் புத்திமதி கேட்க வேண்டியிருக்கிறது! "ஹைபிரிட் அல்லவா தம்பி, கை வைக்காதீர், ஷொக் அடித்தால் ஆள் முடிந்தது" என்று பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். கராஜ்காரரும் அதையே சொல்கிறார். பற்றரிக் கடையில் நிற்கிற பொடியனும் சொல்கிறான். முகவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால், அங்கே இதே மிரட்டலைக் கொஞ்சம் மரியாதை சேர்த்துத் தருகிறார்கள்: வாகனத்தை இங்கே கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓடாத வாகனத்தை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால் பதில் இல்லை. காவிச் செல்லும் லொறிக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வருகிறது.

எதில் ஐயா ஷொக் அடிக்கும்? 12 வோல்ட்டிலா? சாதாரணக் காரின் பொனட்டுக்குள் காலங்காலமாக இருக்கிற அதே ஈய அமிலப் பற்றரிதான் இது. பயப்பட வேண்டிய சாமான் வேறு. பழைய டொயோட்டா பிரியஸில் 201.6 வோல்ட், அக்குவாவில் 144 வோல்ட் என்று பின் இருக்கைப் பக்கம் குந்தியிருக்கிற பெரிய பற்றரி அது. அதிலிருந்து புறப்படுகிற தடித்த கம்பிகளுக்குச் செம்மஞ்சள் உறை போட்டிருப்பார்கள். அவற்றை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். சின்னப் பற்றரியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்பனர் பிளஸ் முனையையும் காரின் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். அதனால் மைனஸை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும். மோதிரம், மணிக்கூடு போன்றவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பயத்தை மட்டும் ஆளாளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்.

மிரட்டுகிறவர்களை விட்டுவிட்டு, இந்தக் காரை வரைந்தவர்களிடம் வருகிறேன். பெரிய பற்றரி நிறையச் சார்ஜ் இருக்கிறது. என்ஜினைச் சுழற்றித் தொடக்குவதும் அதன் மின்சாரம்தான். சின்னப் பற்றரிக்கு அந்தப் பாரம்கூட இல்லை. அதன் முக்கிய வேலை கணினிகளை எழுப்புவதும், பெரிய பற்றரியை இணைக்கிற ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகளைப் போடுவதும்தான். ஆனால் அது படுத்துவிட்டால் முழுக் காரும் படுத்துவிடும். வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்க, அறைத் திறப்பைத் தொலைத்துவிட்டுப் பட்டினி கிடப்பது போன்ற நிலை. பழைய கார் என்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியாவது தொடக்கலாம். இதைத் தள்ளியெல்லாம் தொடக்க முடியாது. சில மாடல்களில் பார்க்கிங் பூட்டைப் போடுவதும் எடுப்பதும் மின்சாரமே என்பதால், தள்ளினாலும் அசையாது.

அதையும் மன்னித்திருப்பேன். பற்றரியைக் கொண்டுபோய் டிக்கிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அந்த டிக்கியைத் திறப்பதற்கு அதே பற்றரியின் மின்சாரம் வேண்டும் என்று அமைத்தார்களே, அதை எப்படி மன்னிப்பது? செத்துப்போன பற்றரியை எடுக்கக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்கப் பற்றரி உயிரோடு இருக்க வேண்டும். ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்து, சாரதிக் கதவைத் திறந்து, பின் இருக்கைகளை மடித்து, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய், டிக்கிக் கதவின் உட்புறத்தில் இருக்கிற சின்ன மூடியைத் திருப்புளியால் கிளப்பி, உள்ளே இருக்கும் நெம்பியைத் தள்ள வேண்டும். சித்திரை வெயிலில், யாழ்ப்பாணத்தில். பொனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கிறது, வேறொரு பற்றரியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்தால் டிக்கியை வழக்கம்போல் பொத்தானை அழுத்தித் திறக்கலாம். கையேட்டில் இது படத்தோடு இருக்கிறதாம். கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது.

இந்தத் தீவில் இது என் ஒருவனுடைய பாடு அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை ஓடியதெல்லாம் அதற்கு முன்பு வந்து இறங்கிய அக்குவா, வெசல், ஃபிட், பிரியஸ் வகையறாக்களே. அவற்றோடு சேர்ந்து அவற்றின் பற்றரிகளுக்கும் வயதாகிவிட்டது. ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்றன. 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் என்றபோது மறுபடியும் நின்றன. காரை நிறுத்தி வைத்திருந்தாலும் ரிமோட்டின் வருகைக்காக அது காதைத் திறந்துகொண்டுதான் இருக்கும். பற்றரி சொட்டுச் சொட்டாக இறங்கும். டாஷ்போர்டில் 'ரெடி' என்ற எழுத்து எரிந்தால்தான் சார்ஜ் ஏறும். அதை எரிய விடாமல் உள்ளே இருந்து பாட்டுக் கேட்கிறவர்கள் பற்றரிக்குக் குழி வெட்டுகிறார்கள்.

இப்போது என் வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன். சின்னப் பற்றரி முழுதாகச் சாவதற்கு முன்பு நோயாளியாக இழுபடும். அந்த நாட்களில் மின்னழுத்தம் தடுமாறுவதால் கணினிகள் குழம்பி, டாஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்குகளையெல்லாம் திருவிழாப் பந்தல் கணக்காக ஏற்றிவிடும். ஹைபிரிட் கோளாறு, பிரேக் கோளாறு, ஸ்டியரிங் கோளாறு என்று எல்லாம் வரும். ஒரு கராஜ்காரர் அந்த விளக்குகளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "பெரிய பற்றரியில் செல் போய்விட்டது அண்ணா, முழுதாக மாற்றுவதுதான் நல்லது" என்றார். இலட்சங்களில் ஒரு தொகையும் சொன்னார். அளவுமானியை எடுத்துச் சின்னப் பற்றரியில் வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் வைத்துப் பார்த்தேன். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டியது 11.4இல் நிற்கிறது! அவருக்கு இது தெரியாதா? தெரியாவிட்டால் ஹைபிரிட் நிபுணர் என்று பலகை போடக்கூடாது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு. எத்தனை ஓய்வூதியக்காரர்கள் இந்த உதட்டுப் பிதுக்கலை நம்பி நகையை அடகு வைத்திருப்பார்களோ என்று நினைத்தால் இன்னமும் கோபம் அடங்கவில்லை.

அடுத்தது கடை. "ஹைபிரிட்டுக்கு உரியது" என்று சொன்னால் விலை ஒரு படி ஏறுகிறது. ஏறட்டும், சரியானதைத் தருகிறார்களா? பழைய பற்றரியின் தலையில் எழுதியிருக்கிற குறியீட்டை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். கடைசி எழுத்து ஆர் என்றால் பிளஸ் முனை ஒரு பக்கம், எல் என்றால் மறுபக்கம். கடைக்காரப் பொடியன் எல் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, "வயரை இழுத்துப் பூட்டலாம் அண்ணா" என்கிறான். அந்த வயர் இழுபடாது. இழுபட்டாலும் நான் இழுக்கமாட்டேன். சரி, ஆர் எடு என்றால் சாதாரணத் திரவப் பற்றரியை எடுக்கிறான். இது மனிதர்கள் மூச்சுவிடுகிற பெட்டிக்குள் வைக்கிற பற்றரி. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வெளியேறும் என்பதால்தான் மூடிய வகையாகச் செய்து, வாயுவை வெளியே கொண்டுபோக ஒரு சின்னக் குழாயும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயைச் செருகுகிற துளை இல்லாத பற்றரியை என் பிள்ளைகள் இருக்கிற காருக்குள் வைக்கச் சொல்கிறான். "எல்லாரும் இதைத்தான் பூட்டுகிறார்கள்." இந்த ஒரு வசனத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும். பழைய பற்றரிக்குக் கழிக்கிற தொகையிலும் தன் கைவரிசையைக் காட்டினார்கள். அது தனிக் கதை, விடுங்கள்.

கடைசியில் சரியான பற்றரி கிடைத்து, பூட்டுகிற வேலைக்கு வந்தால், சொன்னேனே, ஒன்றுமே இல்லை. பக்கத்து மூடியை எடுத்தேன், மைனஸ், பிளஸ், பிடி, குழாய் என்று கழற்றினேன், தூக்கி மாற்றினேன், மறுவளமாகப் பூட்டினேன். பற்றரி இல்லாத நேரத்தில் டிக்கி மூடுபடாமல் இருக்க, பூட்டின் வாயில் ஒரு துணியைத் திணித்து வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் 'ரெடி' எரிந்தது. யாருக்கும் ஷொக் அடிக்கவில்லை. மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ஐயாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

கண்ணாடிகளின் தானியங்கி ஏற்றம் மறந்துபோயிருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துப் பழக்கினேன். ஆனால் நடுவில் இருக்கிற நேவிகேஷன் திரை? பற்றரியை ஒரு தடவை கழற்றியதற்காக அது தன்னைத் திருட்டுச் சாமான் என்று முடிவு கட்டிவிட்டது. முழுக்க ஜப்பானிய எழுத்தில் கடவுச்சொல் கேட்கிறது. ஒசாகாவிலோ நகோயாவிலோ எப்போதோ இந்தக் காரை ஓட்டிய புண்ணியவான் வைத்த கடவுச்சொல்லாக இருக்கும். நான் எங்கே போய் அவரைத் தேடுவது? யாழ்ப்பாணத்து வீதி ஒன்றுகூட அதன் வரைபடத்தில் இல்லை. இருந்த ஒரே பயன் வானொலி, அதுவும் போய்விட்டது. இதைத் திறந்து தருகிற ஆள் கொழும்பில் இருக்கிறாராம். திரையைக் கழற்றி இரவு பஸ்ஸில் போட்டுவிட வேண்டுமாம், காசை முதலே அனுப்பிவிட வேண்டுமாம், தொடர் இலக்கம் பொருந்தாவிட்டால் காசு திரும்ப வராதாம். அனுப்பமாட்டேன். அது கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.