முதல் நாள் போனைத் தொடவே வேண்டாம்

ஆசிரியர்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளில் சில வருடங்களாக வகுப்பெடுத்து வருகிறேன். எங்கே போனாலும் நிகழ்ச்சி நிரல் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். காலையில் ஒரு எடிட்டிங் ஆப்பை டவுன்லோட் செய்ய வைப்பார்கள். மதியம் டிரான்சிஷன், பச்சைத் திரை, சுழன்று வரும் தலைப்பெழுத்து. மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. சில மாதம் கழித்து ஆப் அப்டேட் ஆகும், பொத்தான்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். படித்தது போச்சு.

நானும் அந்த வழியில் வந்தவன்தான். நான் செய்த முதல் பாட வீடியோ ஒளிச்சேர்க்கை பற்றியது. 14 நிமிடம். முதல் 40 விநாடி என் பெயர் தீப்பிழம்பாகச் சுழலும், பின்னால் போருக்குக் கிளம்புவது போல ஒரு இசை. அப்புறம் ஸ்லைடில் உள்ள வரிகளை ஒன்று விடாமல் நானே வாசிப்பேன். மேலே ஃபேன் தன் பங்குக்குப் பேசிக்கொண்டிருக்கும். கடைசி வரிசைப் பையன் ஒருவன் பொறுக்க முடியாமல் கேட்டான்: “சார், செடி எப்ப வரும்?” செடி 9-ஆவது நிமிடத்தில்தான் வந்தது. அதுவும் இணையத்தில் எடுத்த படம், மூலையில் யாருடைய வாட்டர்மார்க்கோ தெரிய.

அந்தப் பையன் கேட்டதைத்தான் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல வருடம் சோதனை செய்து சொன்னார். படத்தோடு குரல் சேர்ந்தால் பாடம் நன்றாகப் பதியும். அதே குரலின் வார்த்தைகளைத் திரையிலும் எழுதிக் காட்டினால், கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று அல்லாடும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசையும் அலங்காரமும் கற்பதைக் குறைக்கவே செய்யும். என் வீடியோவில் இந்தத் தவறுகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

2014-இல் பிலிப் குவோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த 6 நிமிடத்தைத்தான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஸ்லைடைக் காட்டிப் பேசியதைவிட, பேசிக்கொண்டே கையால் வரைந்த வீடியோக்கள் மாணவர்களை அதிக நேரம் பிடித்து வைத்தன. யோசித்துப் பாருங்கள், பலகையின் முன்னால் நிற்கும் ஆசிரியர் தினமும் செய்வதே அதுதானே? பாதி வட்டம் போடுவார், நிறுத்துவார், திரும்பி முகங்களைப் பார்ப்பார், மீதியைப் போடுவார். எதை எப்போது காட்டுவது என்பது அவர் கைக்குத் தெரியும். நம் பயிற்சிகள் முதல் வேலையாக அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டு டெம்ப்ளேட்டைக் கொடுக்கின்றன.

அதனால் என் பயிற்சியில் முதல் நாள் போன் கிடையாது. ஒரு தாள், ஆறு கட்டம், பென்சில். கட்டங்களில் எழுத்து கூடாது, படம் மட்டும்.

ஆவி சுருங்குதல், அதாவது காற்றில் உள்ள நீராவி குளிர்ந்து நீராக மாறுவது, இந்தப் பாடத்தோடு வந்த ஒரு டீச்சர் முதல் கட்டத்தில் ‘வரையறை’ என்று எழுதினார். அழிக்கச் சொன்னேன். முறைத்தார். அரைமணி நேரம் கழித்து அவர் தாளில் இருந்தது இது: துணியால் துடைத்த காலி டம்ளர். உள்ளே விழும் தண்ணீரும் ஐஸ் கட்டியும். மங்கலாகிப்போன கண்ணாடிச் சுவர், குளோசப்பில். அதில் கோடு இழுக்கும் ஒரு விரல். வழிந்து இறங்கும் ஒரு துளி. கடைசியாக, டம்ளரைத் தூக்கியதும் மேஜையில் ஈர வளையம். மறுநாள் எடுத்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவு, குரல் கிடையாது.

வகுப்பில் போட்டபோது ஒருவன் “டம்ளர் ஓட்டை” என்றான். “ஐஸ் கசியுது” என்றாள் இன்னொருத்தி. டீச்சர் பதில் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரில் மை கலந்து பார்க்கலாம் என்று ஒரு பிள்ளையே சொல்ல, வெளியே வந்த துளி நிறமில்லாமல் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். டெரக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஏறக்குறைய இதைத்தான். தவறான புரிதலை முதலில் பேசவிடும் வீடியோ குழப்புகிறது என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் தேர்வில் அதைப் பார்த்தவர்களே அதிகம் தேறினார்கள்.

எடிட்டிங்கையும் இப்படியே தொடங்கலாம். 1920 வாக்கில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினாராம். முகம் ஒன்றே, ஆனால் பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் படித்துக்கொண்டார்கள். பயிற்சியில் ஒரு ஆசிரியரின் முகத்தை எடுத்து, அடுத்து விடைத்தாள் கட்டு, அடுத்து காலி பெஞ்சு என்று ஒட்டிக் காட்டுவேன். அறையே சிரிக்கும். இதே வித்தையால் பொய்யும் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டச் சொல்வேன்.

மற்றவை சில்லறை வேலை. ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். போன் வாய்க்கு ஒரு முழத்துக்குள் இருந்தால் தனி மைக் இல்லாமலே சமாளிக்கலாம். தன் படத்தைப் பிறர் எடுத்தாள உரியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன, வாட்டர்மார்க் படத்தைத் திருட வேண்டியதில்லை. பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோர் அனுமதி வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை.

“இதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?” என்பார்கள். நியாயம்தான். வாரம் ஒரு வீடியோ என்று எண்ணிக்கை கேட்கும் நிர்வாகங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது கோப்பில் வைக்க ஒரு அத்தாட்சி. ஒரு பருவத்துக்கு உருப்படியாக ஒன்று போதும் என்பேன். வடிவியல் தேற்றத்துக்கு சாக்பீஸே மேல். கண்ணுக்கு எட்டாத சிறியது, தூரத்தில் இருப்பது, மெல்ல நடப்பது, கிட்டப் போனால் ஆபத்தானது, இவற்றுக்குக் கேமராவை எடுங்கள்.

டம்ளர் டீச்சர் நேற்று இன்னொன்று அனுப்பியிருந்தார். கொடியில் ஒரு ஈரத்துணி காய்கிறது, 50 விநாடி. மூன்றாவது ஷாட்டில் கை ஆடிவிட்டது. திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.