வொண்டர் வுமன்தான் முதலாவதா? சுற்றும் ஃபார்வர்டும் உண்மையும்

"உலகின் முதல் பெண் சூப்பர் ஹீரோ வொண்டர் வுமன். இன்றும் ஐ.நா.வின் பெண்கள் தூதர் இவர்தான்!" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அமெரிக்க காமிக்ஸ் (படக்கதை) பாத்திரமான வொண்டர் வுமன் அறிமுகமானது 1941 அக்டோபரில். ஆனால் 1940 தொடக்கத்திலேயே 'ஜங்கிள் காமிக்ஸ்' இரண்டாம் இதழில் ஃபான்டோமா வந்துவிட்டாள். காட்டைக் காக்கும் அழகி. கோபம் வந்தால் முகம் மட்டும் நீல மண்டை ஓடாகிவிடும், பொன்னிறக் கூந்தல் அப்படியே இருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். அப்புறம் 1941 ஏப்ரலில் செய்தித்தாள் தொடராக வந்தது மிஸ் ஃப்யூரி. வரைந்தவரும் ஒரு பெண்தான்: ஜூன் மில்ஸ். பெண் என்று தெரியாதிருக்க 'டார்பே மில்ஸ்' என்று கையெழுத்திட்டார்.

ஐ.நா. கௌரவத் தூதர் பட்டம் 2016 அக்டோபரில் கொடுத்தது உண்மை. ஊழியர்களே எதிர்த்தார்கள், டிசம்பரிலேயே அது முடிந்துபோனது.

வொண்டர் வுமனின் புகழ் பெரிதுதான், மறுக்கவில்லை. 1972-இல் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழின் அட்டையிலேயே வந்தவள். அதற்காக முன்னால் வந்தவர்களை மறைக்க வேண்டுமா?

இதழ்களின் தேதியை கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையதளத்திலும், தூதர் விஷயத்தை 2016 டிசம்பர் செய்திகளிலும் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.