அவர்கள் மொய் எழுதப் போகவில்லை

டைம்லைன் முழுக்க மறுபடியும் அந்த ஒரே படம்தான். 2023 நிலநடுக்கத்தின்போது துருக்கியில் நம் ராணுவப் பெண் அதிகாரி ஒருவரை, அந்த ஊர்ப் பெண் ஒருவர் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுக்கும் படம். அன்றைக்கு அதைப் பகிர்ந்து இதயமாகப் போட்டுத் தள்ளிய அதே ஆட்கள், இப்போது அதே படத்தைப் போட்டு "பாம்புக்குப் பால் வார்த்தோம்" என்று எழுதுகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. துருக்கிக்குச் சுற்றுலா போகாதீர்கள், அவர்கள் ஆப்பிளை வாங்காதீர்கள் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே, அங்கே போய் வேலை பார்த்தவர்களைப் பற்றியே சிலர் கேவலமாக எழுதியிருந்ததைப் படித்தேன். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். மருத்துவ உதவி மொய் கிடையாது. கல்யாண வீட்டில் எழுதிவிட்டு வந்து, நம் வீட்டு விசேஷத்துக்கு அவன் எவ்வளவு எழுதினான் என்று நோட்டைப் புரட்டிப் பார்க்கிற கணக்கு இதில் இல்லை. இருக்கவும் கூடாது.

2023 பிப்ரவரி 6, விடிகாலை 4.17. ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம். அளவு 7.8. ஒன்பது மணி நேரம் கழித்து 7.5-இல் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இஸ்கெந்தெரூன் என்ற துறைமுக ஊரில் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று, மருத்துவமனையில் வேலை பார்க்காதவர்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில்தான் ஆக்ராவிலிருந்து போன 60 பாராசூட் ஃபீல்டு ஹாஸ்பிடல் என்ற நம் ராணுவ மருத்துவப் பிரிவு 30 படுக்கைகளைப் போட்டது. 99 பேர் கொண்ட குழு. எக்ஸ்ரே, வென்டிலேட்டர், ஆக்சிஜன் தயாரிக்கும் பிளான்ட் எல்லாம் இங்கிருந்தே விமானத்தில் போயின. இரண்டு வாரத்துக்குள் 3,500 பேருக்கு மேல் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பிரிவு நேற்று முளைத்தது இல்லை. 1950-இல் கொரியப் போருக்கு இந்தியா சண்டை போடப் படை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. அப்போது போனதும் இதே 60 பாராதான். தலைமை தாங்கிப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். மகாவீர் சக்ரா வாங்கியவர். படைவீரர்களோடு சேர்த்துக் கொரியப் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்த பிரிவு. எழுபது வருடப் பழக்கம் அது. உங்கள் கமென்டைப் பார்த்து அது மாறப்போவதில்லை.

"துருக்கி இப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருப்போமா?" என்று கேட்கிறார்கள். தெரியாமல் என்ன? 2019-இலேயே துருக்கி அதிபர் எர்டோகன் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீர் பற்றிப் பேசிவிட்டார். அதெல்லாம் தெரிந்துதான் நிலநடுக்கம் வந்த மறுநாளே முதல் விமானத்தை அனுப்பினோம். நம்மை யாரும் ஏமாற்றவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செய்த நல்ல காரியம் அது. ஏமாந்துபோய்ச் செய்தோம் என்று நீங்களே அதைக் கேவலப்படுத்துகிறீர்கள்.

நான் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸ். நிலநடுக்கம் என்றதும் மற்றவர்களுக்கு இடிந்த கட்டடம் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கிட்னிதான் தெரியும். இடிபாட்டில் கை கால் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும்போது தசை செத்துப்போகிறது. மேலே கிடக்கும் பாரத்தைத் தூக்கிய நொடியில், அந்தச் செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கொட்டுகின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். மயோகுளோபின் கிட்னியை அடைக்கும். வெளியே எடுக்கும்வரை பேசிக்கொண்டிருந்த ஆள், எடுத்த பிறகு செத்துப்போவது இதனால்தான். அதனால்தான் ஆள் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே சலைன் ஏற்றச் சொல்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பாதாள சாக்கடைக்குத் தோண்டிய குழியில் மண் சரிந்து, பீகார் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள் மணிக்கணக்கில் இருந்திருக்கிறான். நன்றாகப் பேசினான். "தீதி, பானி" என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். எலும்பு ஒன்றும் உடையவில்லை என்று கூட்டிவந்தவர்கள் நிம்மதியாக நின்றார்கள். யூரின் பேக்கைப் பார்த்தேன். டிகாஷன் நிறத்தில் அடியில் கொஞ்சம், அவ்வளவுதான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. தினமும் டயாலிசிஸ் ஓட்டினோம். டூட்டிக்கு வந்ததும் முதலில் அவன் பேக்கைத்தான் குனிந்து பார்ப்பேன். ஒருநாள் காலையில் 50 மில்லி இருந்தது, தெளிவாக. அப்புறம் 200. அன்றைக்கு யூனிட்டில் எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மேஸ்திரி வந்து ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டிப்போய்விட்டார். பையன் எங்களிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. ஒரு ஜூனியர் பெண் வருத்தப்பட்டாள், "இவ்வளவு பார்த்தோம், ஒரு வார்த்தை சொல்லலையே சிஸ்டர்" என்று. எங்கள் சீனியர் சொன்னார்: "அவன் ஒண்ணுக்குப் போனான்ல? அதுக்குத்தானே பார்த்தோம்." அவ்வளவுதான். அடுத்த பேஷன்ட்டுக்கு மெஷினை பிரைம் பண்ணப் போய்விட்டோம். நன்றி வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அவன் கிட்னியைத் திருப்பிக் கேட்க முடியுமா?

1988-இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிட்னி போனது. டயாலிசிஸுக்கு மெஷின் போதவில்லை. அந்த அனுபவத்தில்தான் உலக சிறுநீரக மருத்துவர் சங்கம் பேரிடருக்கென்றே ஒரு குழுவைத் தொடங்கியது. அந்தக் குழு முதலில் பெரிய அளவில் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? துருக்கியில்தான், 1999 மர்மரா நிலநடுக்கத்தில். 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஆர்மீனியர்கள் செத்துக் கற்றுக்கொடுத்த பாடம் துருக்கியர்களைக் காப்பாற்றியது.

ஆர்மீனியாவுக்கும் துருக்கிக்கும் என்ன உறவு என்று தெரியுமா உங்களுக்கு? 1915-இல் நடந்த இனப்படுகொலையைத் துருக்கி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1993-இலேயே துருக்கி எல்லையை மூடிவிட்டது. துருக்கியிடம் கணக்குத் தீர்க்க உலகத்தில் யாருக்காவது உரிமை இருக்கிறது என்றால் அது ஆர்மீனியர்களுக்குத்தான். 2023 பிப்ரவரி 11 அன்று எல்லையில் இருக்கும் மார்கரா பாலத்தைத் திறந்து லாரி லாரியாக உதவி அனுப்பினார்கள் அவர்கள். அதே பாலம் வழியாக 1988-இல் துருக்கியின் செம்பிறைச் சங்கம் (ரெட் கிரசென்ட்) ஆர்மீனியாவுக்கு உதவி கொண்டுபோயிருந்தது. இத்தனை ரத்தத்துக்கு நடுவில் அவர்களால் முடிகிறது. நமக்கு ஒரு ட்வீட்டுக்கும் நாலு ட்ரோனுக்கும் மேல் தாங்கவில்லையா?

சரி, நம் கதைக்கே வருகிறேன். 2001 ஜனவரி 26, குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம். கார்கில் முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பாகிஸ்தானிலிருந்து கூடாரமும் போர்வையும் விமானத்தில் வந்தன. நாம் வாங்கிக்கொண்டோம். அதே வருடம் டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல். அதற்குப் பிறகும் 2005-இல் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது நாம் பாகிஸ்தானுக்குப் பொருள்கள் அனுப்பினோம். மொய்க் கணக்குப் பார்த்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

"நம்ம ஊர் ஜி.எச்.சில் பெட் இல்லை, அங்கே போய் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள்" என்று ஒருவர். அண்ணே, பெட் இல்லாத கஷ்டத்தை எனக்கே சொல்கிறீர்களா? ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்தவள் நான். துருக்கிக்குப் போனது உங்கள் ஊர் ஜி.எச். கட்டில் இல்லை. பாராசூட் படையோடு போவதற்கென்றே இருக்கும் ராணுவப் பிரிவு அது. ஜி.எச்.சுக்கு பெட் வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் நீங்கள் ஒரு லைக் போட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. துருக்கி என்றதும் திடீரென்று ஏழை நோயாளி மேல் பாசம் பொங்குகிறது.

வெளிநாட்டு மருத்துவ உதவியில் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது யார் யாரோ வந்து இறங்கினார்கள். சில குழுக்கள் அடிபட்டவர்களின் காலை வெட்டிவிட்டு, குறிப்பேடுகூட இல்லாமல் கிளம்பிப்போயின. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, 10,000 பேர் அளவுக்குச் செத்தார்கள். அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் 2016-இல்தான் மன்னிப்புக் கேட்டார். ஹைட்டி நிலநடுக்கத்துக்கு அப்புறம்தான் வெளிநாட்டுக் குழு என்றால் இன்ன தகுதி வேண்டும், தண்ணீர் முதல் ஜெனரேட்டர் வரை சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தரம் வகுத்தது. இந்த மாதிரிக் கேள்வி கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம். போனவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள், கால் போனவனுக்கு அப்புறம் செயற்கைக்கால் யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்பது அதுவா? "நமக்கு என்ன லாபம்" என்கிறீர்கள்.

"உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறாய்" என்று யாராவது வருவீர்கள். ஆமாம். தூங்காமல், குளிரில், பாஷை தெரியாத ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை வாய்க்கு வந்தபடி எழுதினால் உணர்ச்சி வரத்தான் செய்யும். உங்கள் வீட்டு அம்மாவுக்கு டிரிப்ஸ் போடும்போது மட்டும் நாங்கள் தெய்வமா?

அவ்வளவு கோபம் இருக்கிறதென்றால், கோபப்பட வேண்டிய விஷயம் அதே நிலநடுக்கத்திலேயே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், வடமேற்கு சிரியா. போராளிகள் கையில் இருந்த பகுதி என்பதால், ஐ.நா. உதவி போக பாப் அல்-ஹவா என்ற ஒரே வாசலுக்குத்தான் அனுமதி இருந்தது. இடிபாட்டில் கிடப்பவனுக்கு முதல் மூன்று நாள்தான் உயிர். ஐ.நா.வின் முதல் லாரிகள் உள்ளே போனதே பிப்ரவரி 9-ஆம் தேதி. அதுவரை அந்த வாசல் வழியாகத் துருக்கியிலிருந்து சிரியாவுக்குப் போனது என்ன தெரியுமா? துருக்கியில் அகதிகளாக இருந்து செத்துப்போன சிரியர்களின் பிணங்கள். பிணத்துக்கு வழி இருந்தது, மருந்துக்கு இல்லை. இன்னும் இரண்டு வாசல்களைத் திறக்க டமாஸ்கஸில் இருந்த சிரிய அரசு ஒப்புக்கொண்டது 13-ஆம் தேதிதான். வடமேற்கு சிரியா மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று அன்றைய ஐ.நா. நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸே எழுதினார். யார் நம் ஆள், யார் எதிரி ஆள் என்று கணக்குப் பார்த்துத்தான் அங்கே ஒரு வாரம் போனது. நீங்கள் இப்போது கேட்கும் அதே கணக்கு. அதைப் பற்றி ஒரு வரி எழுத அன்றைக்கு உங்களில் யாருக்குக் கை வந்தது?