ஏற்காட்டு எம்.எல்.ஏ. அமைச்சராகாவிட்டால் என்ன?

பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் ஏற்காடு தொகுதியைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒருவர் மேடையில் பேசிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். “ஏற்காட்டில் யார் ஜெயித்தால் என்ன, அமைச்சராகவா ஆகப்போகிறார்கள்?” என்று அவர் கேட்டதும் கீழே கைதட்டல். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் என்னை உறுத்துகிறது. தட்டியவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன.

எம்.எல்.ஏ. வேறு, அமைச்சர் வேறு. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்பேரவையில் 234 பேர். 2003இல் வந்த 91ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி, மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சரவை இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு முதலமைச்சரையும் சேர்த்து அதிகபட்சம் 35 பேர்தான். மீதி 199 தொகுதிக்காரர்கள் போட்ட ஓட்டெல்லாம் வீணா? அமைச்சரவைதான் பேரவைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சாசனத்தின் 164ஆவது பிரிவு சொல்கிறது. கேள்வி நேரத்தில் எழுந்து நின்று கேட்பதும், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தன் தொகுதிக் குறையை அவைக்குறிப்பில் ஏற்றுவதும் அமைச்சரவைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவரின் வேலை. அது சின்ன வேலை இல்லை.

“மாவட்டத்துக்கு ஒரு அமைச்சர் இருந்தால் நல்லதுதானே?” என்பீர்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. சேலத்துக்கு அந்தப் பெருமை இன்று நேற்று வந்ததும் இல்லை. இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொன்னார்கள்). மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். 2017 முதல் 2021 வரை முதலமைச்சரே எடப்பாடிக்காரர். சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது, சந்தோஷம். அதே வருடங்களில் மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் போகும் வழி மண் பாதைதான். 2021 தேர்தலில் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் சேலம் வடக்கு மட்டும் தி.மு.க.வுக்குப் போனது. 2024 செப்டம்பரில் அந்தத் தொகுதியின் இராஜேந்திரன் சுற்றுலாத்துறை அமைச்சராகும்வரை திருச்சிக்காரரான கே.என். நேருதான் நமக்குப் பொறுப்பு அமைச்சராக இருந்தார். அமைச்சர் நம் மாவட்டத்தில் இருந்தபோதும் பார்த்தோம், இல்லாதபோதும் பார்த்தோம். எங்கள் பாதை அப்படியேதான் கிடந்தது.

அப்பாவும் அமைச்சர் என்றால்தான் நடக்கும் என்று நம்பியவர். பாதை கேட்டு மனு எழுதி, ஊர்க்காரர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, முதல் பஸ்ஸில் மலையிறங்கினார். அப்போது வந்திருந்த ஒரு அமைச்சரைப் பார்க்க விருந்தினர் மாளிகை வாசலில் மதியம்வரை நின்றார். அவருடைய பி.ஏ. (உதவியாளர்) வந்து எந்தத் தொகுதி என்று கேட்டார். ஏற்காடு என்றதும், “அங்கே ஜெயித்தது நம்ம ஆள் இல்லையே” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனுவைப் பெட்டியில் வைத்துவிட்டு மிளகுக்கொடி கட்டப் போய்விட்டார். எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

சரி, “ஆளுங்கட்சிக்காரரை ஜெயிக்கவைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே” என்று இதற்கும் பதில் வைத்திருப்பீர்கள். அப்படியென்றால் எதற்கு ரகசிய வாக்கு? ஜெயிக்கப்போகிற கட்சி எது என்று கேட்டு நாங்கள் அதற்கே போட்டுவிட வேண்டுமா? பாதை போடுவது அரசின் கடமை, ஓட்டுக்குக் கூலி இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம், அந்தப் பேச்சில் எல்லாரும் கவனிக்காமல் விட்ட வரி ஒன்று உண்டு. “பொதுத்தொகுதியாக இருந்தால் பெரிய ஆள் நிற்பார், அமைச்சராவார்” என்றார். உண்மையில் மனதில் இருந்தது இதுதான். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இருப்பது இரண்டே தொகுதி, ஏற்காடும் சேந்தமங்கலமும். 234இல் இரண்டு. அதிலும் ஏற்காடு தொகுதி என்பது மலை மட்டும் இல்லை. வாழப்பாடியும் கீழ்நாட்டு ஊர்களும் சேர்ந்தது. மலை ஓட்டை மட்டும் வைத்து அங்கே யாரும் ஜெயிக்க முடியாது. அந்த ஒரு நாற்காலியும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா?

அமைச்சர் பதவி மேல் உண்மையான அக்கறை இருந்தால் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் பழங்குடியினர் நலனுக்கென்று ஒரு அமைச்சர் இருந்தே தீர வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் சதவீதத்தில் குறைவு, 2011 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. குறைவாக இருப்பவர்களுக்குத்தானே பேச ஒரு ஆள் அதிகம் தேவை? இதை அந்த மேடையில் யாராவது சொன்னார்களா?

மலையாளி என்று (கேரளக்காரர்கள் இல்லை, எங்கள் பழங்குடியின் பெயர் அது) சாதிச் சான்றிதழ் வாங்க எங்கள் பிள்ளைகள் எப்படி அலைகிறார்கள் என்று பார்த்தவர்கள் கைதட்டியிருக்க மாட்டார்கள். கல்லூரியில் சேர்க்கை முடியப்போகிற நேரத்தில், என் தங்கையிடம் தாத்தாவின் ஆவணத்தைக் கொண்டு வா என்றார்கள். தாத்தாவுக்கு ஏது ஆவணம்? காபித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர் அவர். இப்படிப்பட்ட விஷயத்தைப் பேரவையில் எழுந்து சொல்லத்தான் எங்களுக்கு ஒரு உறுப்பினர் வேண்டும். அவர் அமைச்சரா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நிச்சயம் எங்களில் ஒருவர் ஒருநாள் அமைச்சராகவும் வேண்டும். அதற்காக எங்கள் தொகுதியை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் பொதுத்தொகுதியாக மாற்றச் சொல்லி எழுதுபவர்களை, சொந்தக்காரராக இருந்தாலும் இன்றே பிளாக் செய்துவிடுவேன்.