நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும் விண்ணப்பிக்கவும்

"வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகணும், என்ன கோர்ஸ் படிக்கலாம்?" என்று மாதத்துக்கு நாலைந்து பேராவது உள்பெட்டியில் கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த நாட்டு பாஸ்போர்ட்?" சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய, இந்தத் தொழிலில் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே பாஸ்போர்ட் பேசிவிடுகிறது.

என் முதல் வீடியோ நேர்காணல் இருபது நிமிடம் பிரமாதமாகப் போனது. டெமோ வகுப்பை, நேர்காணல் செய்த அம்மா வாய்விட்டுப் பாராட்டினார். கடைசியில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கேமராவில் காட்டச் சொன்னார். காட்டினேன். சற்று அமைதி. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: பெற்றோர்கள் நேட்டிவ் ஸ்பீக்கரை, அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைத்தான் எதிர்பார்க்கிறார்களாம், வேண்டுமானால் அதே வகுப்புகளுக்கு 'உதவி ஆசிரியர்' சம்பளத்தில் சேரலாமாம். இருபது நிமிடம் குறையில்லாமல் இருந்த என் ஆங்கிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக என்ன ஓட்டை விழுந்ததோ!

தென் கொரியா மொழி ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் இ-2 விசாவின் விதியைப் பாருங்கள். ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டு பாஸ்போர்ட்தான் செல்லும். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர்கள் பத்தில் ஒருவர்கூடக் கிடையாது. பள்ளிக்கூடமே ஆங்கிலத்தில் நடக்கும் சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆக, இது மொழியைப் பற்றிய பட்டியலே இல்லை. (2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய வணிக ஒப்பந்தத்தின் வழியாக, கற்பித்தல் தகுதி உள்ள இந்தியர்களுக்கு உதவி ஆசிரியராக ஒரு சிறு வாசல் திறந்தது. அந்த 'உதவி' மட்டும் நம்மை விடுவதாக இல்லை.)

ஜப்பானின் விதி வேறு மாதிரி. தாய்மொழி ஆங்கிலம் இல்லையென்றால், 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். பள்ளியிலிருந்து கடிதம் வாங்க இப்போதே அலையத் தொடங்குங்கள். தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் முனைவர் பட்டமே வாங்கியவர்கூட இங்கே இடறி விழலாம். வியட்நாமும் தாய்லாந்தும் கதவை அப்படி அடைக்கவில்லை. பட்டம், பயிற்சிச் சான்றிதழ், மொழித்தேர்வு மதிப்பெண், சான்றொப்பம் பெற்ற ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தால் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே தடுப்பது விளம்பரமும் சம்பளப் பட்டியலும்.

நேட்டிவ் ஸ்பீக்கர்தான் உசத்தி என்ற இந்த நினைப்புக்கு ஒரு பிறந்த ஊர்கூட உண்டு. 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த மாநாட்டில், ஆங்கிலம் கற்பிக்கச் சிறந்தவர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்பது தொழிலின் கொள்கைபோல நிலைபெற்றது. அதை வெறும் மாயை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-ல் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா அந்த வாதத்தை மேலும் விரித்தார். பின்னாளில் இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழான 'டெசால் குவார்ட்டர்லி'க்கு ஆசிரியராகவும் இருந்தார். ஆய்விதழில் தீர்ந்த வழக்கு வேலை விளம்பரத்தில் மட்டும் இன்னும் தீரவில்லை.

இப்போது வியட்நாமில் பாடம் எடுக்கிறேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி, "டீச்சர், வி ஆர் கோயிங் டு ஈட்" என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். முகத்தில் ஒரு சங்கடம். எனக்குச் சட்டென்று விளங்கியது. "சுங் தாவா, சுங் தோயா?" என்று கேட்டேன். நம் 'நாம்', 'நாங்கள்' போலவே அவர்கள் மொழியிலும் இரண்டு சொல் உண்டு. ஆங்கிலத்தின் ஒற்றை 'வி'யில் நான் சேர்த்தியா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண் தவித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு அங்கே ஒரு சிக்கல் இருப்பதே கண்ணில் பட்டிருக்காது. ஆங்கிலத்தின் 'தி' (the) என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் அது இல்லை. கொரியம், ஜப்பானியம், வியட்நாமியம் எதிலும் இல்லை. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று நான் திண்டாடிக் கற்ற ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது. உடன் வேலை பார்க்கும் கனடாக்காரர் நல்ல மனிதர். "கேட்டாலே சரியாகப் படும்" என்பார். யாருடைய காதுக்கு?

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. '120 மணி நேரம்' என்று போட்டு வார இறுதிக்குள் கையில் கொடுக்கும் ஆன்லைன் கோர்ஸ்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் கொடுக்கும் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் குறைந்தது 120 மணி நேரம்தான். ஆனால் அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டும். பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் தப்பையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். விலை அதிகம்தான். ஆனாலும் நமக்கு அது வேண்டும். நேட்டிவ் ஸ்பீக்கருக்கு அரைகுறைச் சான்றிதழை மன்னிப்பார்கள், நமக்கு மன்னிக்க மாட்டார்கள். இது அநியாயம்தான், தெரிந்தே சொல்கிறேன். வீட்டிலிருந்தே சீனப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கற்பிக்கலாம் என்று யாராவது கோர்ஸ் விற்றால் வாங்காதீர்கள். 2021-ல் சீன அரசு போட்ட தடையோடு அந்தக் கடை பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது.

ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். ஆள் பிடித்துத் தருவதற்குக் கூலி கொடுக்க வேண்டியது பள்ளிக்கூடம். "டூரிஸ்ட் விசாவில் வாங்க, வந்தபிறகு மாத்திக்கலாம்" என்றால் அந்த உரையாடலை அங்கேயே முடியுங்கள். மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்களில் பலர், நல்ல வேலை என்று நம்பித்தான் விமானம் ஏறினார்கள்.

அமெரிக்க உச்சரிப்பு பழகினால் வேலை கிடைக்குமா என்ற கேள்விதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. போனில் கிடைக்கலாம். பிறகு பாஸ்போர்ட் நகல் கேட்பார்களே? அந்தக் காசுக்கும் நேரத்துக்கும், கால் மணி நேர டெமோ வகுப்பு ஒன்றைப் பத்து முறை ஒத்திகை பாருங்கள். வி, டபிள்யூ ஒலி வேறுபாட்டை உதட்டில் காட்டத் தெரிகிறதா, பாடம் புரிந்ததா என்று 'புரிகிறதா?' என்று கேட்காமலே கண்டுபிடிக்கத் தெரிகிறதா? என்னைப் பிறகு வேலைக்கு எடுத்தவர் பார்த்தது அதைத்தான்.

டெமோவுக்குப் பாடத்திட்டம் எழுதிப் பார்த்தவர்கள் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். பதில் தாமதமாகும், வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. அமெரிக்க உச்சரிப்புக்கு மட்டும் வராதீர்கள், எனக்கே வராது.